வெள்ளிக்கிழமை நோன்பு

ஆகஸ்ட் 12, வெள்ளி

கடையில் சம்பளத்தைப் பாதியாக்கிய பிறகு, பகல் சோற்று நேரத்தில் "நான் நோன்பு" என்று சொல்லப் பழகிவிட்டேன். பிள்ளைகளுக்கும் அவர்கள் உம்மா பௌசியாவுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். திங்கட்கிழமை சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்; அது நபிவழியில் வந்த சுன்னத்தான நோன்பு. இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் மீன் சட்டியைப் பார்த்தேன். பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டேன்.

பௌசியா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நேத்துப் பிடிக்காம, வெள்ளிக்கிழமையில மட்டும் தனிய நோன்பு பிடிக்கிறல்லயே. ஆரு உங்களுக்குச் சொல்லித்தந்த?"

தன் பீங்கான் தட்டில் இருந்த மீனைப் பிட்டு, சோற்றோடு குழைத்து, பிள்ளைகள் பார்க்க என் வாயில் வைத்தாள்.

"வாற திங்கள் நானும் பிடிக்கிறன். ஆனா அல்லாஹ்வுக்காகப் பிடிப்பம். எனக்குப் பொய் சொல்ல வேணாம்."

முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் தந்தாள். இருந்தும் வெகுநேரம் மென்றுகொண்டிருந்தேன்.