ஏழு கோழியும் ஒரு பொய்யும்

அன்புள்ள மகன் மகோகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, மொம்பாசா வெயிலில் துறைமுக மூட்டைகளோடு மல்லுக்கட்டும் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் கவலை. மழை நல்லபடியாகப் பெய்து மக்காச்சோளம் களஞ்சியம் நிறைய வந்திருக்கிறது, சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. நல்ல செய்தி இவ்வளவுதான். மற்றதை எழுதவே கை கூசுகிறது.

போன கடிதத்தில் உன் பெண்டாட்டி நஞ்சாலாவைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, ஏழு கோழியும் சேர்ந்து தினம் மூன்று நான்கு முட்டை இட்ட வீட்டில் இப்போது ஒன்றுகூடக் கிடைப்பதில்லை, வயிற்றுப்பிள்ளைக்காரி முட்டை தின்ன வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவளே திருட்டுத்தனமாக அவித்துத் தின்கிறாள் என்று. அது பொய், மகனே. பொய் என்று தெரியாமல் எழுதினேன், ஆனாலும் பொய்தான். எங்கள் காலத்துப் பெண்கள் கோழியையும் முட்டையையும் வாயில் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும் எடுத்து வைத்தே பழகிய எனக்கு, மருமகள் வாய்விட்டு ஒரு முட்டை கேட்டதே பெரிய துடுக்காகப் பட்டது. கேட்டவள்தான் எடுத்திருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நடந்ததைக் கேள். அறுவடைப் பெருமையில், விடிந்ததும் ஒரு முறம், பொழுது சாய ஒரு முறம் என்று கோழிகளுக்குச் சோளத்தை அள்ளிக் கொட்டினேன். முட்டை குறைந்ததும் இன்னும் கூட்டிப் போட்டேன். நஞ்சாலா முன்பெல்லாம் கறையான் புற்றை வெட்டி வந்து முற்றத்தில் உடைத்துப் போடுவாள், கோழிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு பொறுக்கும். முட்டை பொறுக்கத்தான் புதர்ப்பக்கம் போகிறாள் என்று நினைத்து அதையும் நிறுத்தினேன். கோழிகளைக் கூண்டில் அடைத்துச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன். அப்படியும் முட்டை வராதபோது, நான் தூங்கும்போது அவள் சாவியை அவிழ்க்கிறாள் என்றே நினைத்தேன். 'அத்தே, சோளத்தையே போட்டு அடைச்சு வச்சா கொழுப்புதான் ஏறும், முட்டை எங்கேருந்து வரும், கொஞ்சம் வெளிய விடுங்க' என்று அவள் அப்போதே சொன்னாள். 'உனக்கு ஏறின கொழுப்பை விடவா?' என்று கேட்டுவிட்டேன்.

நீயும் என் பேச்சை நம்பி, திருடிக்கொண்டு அந்த வீட்டில் இருக்காதே என்று அவளுக்கு எழுதினாய். அதைப் படித்த அன்றே துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு கிமிலிலியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், ஏழு மாத வயிற்றோடு.

ஊர் பேசுமே என்று இரண்டு வாரம் கழித்து அழைத்துவரப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அவளை மன்னிக்கப் போனேன். வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போக முடியாதே, இருப்பதிலேயே கனமான கோழியாகப் பிடித்துப் போனேன். நான் தின்ன மாட்டேன் என்று தெரிந்தும் மரியாதைக்காக அதையே அறுத்தார்கள். வயிற்றைக் கீறினால் குடலே தெரியவில்லை, உள்ளங்கை கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு. முட்டைக்கரு கடுகளவில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா பாத்திரத்தை என் பக்கம் தள்ளி, 'இதுல முட்டை எங்க இருக்கு சம்பந்தி, என் பொண்ணு திருடறதுக்கு?' என்றாள். அத்தனை பேர் முன்னால் நஞ்சாலாவின் கையைப் பிடித்துத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவள் திட்டவில்லை. 'நீங்க சந்தேகப்பட்டது போகட்டும் அத்தே, அவர் எப்படி நம்பினார்?' என்று மட்டும் கேட்டாள். என்னோடு வரவில்லை.

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீதான் சொல்ல வேண்டும். லீவு போட்டுவிட்டு வா, நேரே இங்கே வராதே, கிமிலிலியில் இறங்கி முதலில் அவளைப் பார். கூண்டைத் திறந்துவிட்டேன், கறையானை நானே வெட்டிப் போடுகிறேன். பத்து நாளாகிறது, இன்னும் ஒரு முட்டைகூட இல்லை, ஏறினது இறங்க நாளாகும் போலிருக்கிறது. என் நாக்கால் என் பேரப்பிள்ளை வேறு வீட்டில் பிறந்தால் அந்த வருத்தம் என்னோடுதான் மண்ணுக்குள் போகும்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கட்டும். ஒன்றை மறக்காதே, என் போன கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கையோடு கொண்டுபோய், இதையும் சேர்த்து அவளிடம் கொடு. இரண்டும் என் கையெழுத்துதான் என்று அவளே பார்க்கட்டும்.

உன் அம்மா,
நசாம்பு