மெஷின் ஓடும்போது கேட்காத மணி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நான் நன்றாக இருக்கிறேன், அப்பாவும் இருக்கிறார், ஆனால் எல்லோரும் சுகம் என்று ஒரே மூச்சில் எழுதிவிட இந்தத் தடவை கை வரவில்லை. பயந்துவிடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற விஷயம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் இருக்கிற ஒரு போனும் அப்பாவின் தலைமாட்டிலேயே கிடக்கிறது, நீ பேசுவதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி, அதனால்தான் எழுதுகிறேன். குட்டிக்கு இருமல் நின்றதா, ஃபேனை நேராக முகத்துக்கு வைக்காதே.

அப்பாவுக்கு இடது பக்கம் முடங்கிய பிறகு வயரில்லாத மணி ஒன்று வாங்கி அனுப்பினாயே, அதன் பித்தானைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, அடிக்கிற பெட்டியைக் கீழே கடையில் என் மோட்டார் தையல் மெஷின் பக்கத்தில் வைத்திருந்தேன். போன மாதம் பள்ளிச் சீருடை வேலை மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு மாடி ஏறினால் மனுஷர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடக்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டார், எலும்பு ஒன்றும் முறியவில்லை, இடுப்பு கன்றிப் போனதோடு சரி, அப்போது உன்னிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே. ஏன் மணியை அழுத்தவில்லை என்று கேட்டேன், "அழுத்தினேனே" என்றார்.

எதிர்க்கடை ரேடியோக்காரரைக் கூப்பிட்டேன், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடுவாரே, அவர்தான். பித்தானில் பாட்டரி தீர்ந்தது என்றார், மாற்றினோம். பெட்டியே போச்சு என்றார், வேறு வாங்கினோம். அவர் முன்னால் எல்லாம் ஒழுங்காக அடிக்கும், ஏனென்றால் அவர் வந்தால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன், அவர் போய் நான் தைக்க உட்கார்ந்தால் மறுபடி ஊமை. ஒரு நாள் பழுது பார்த்த ரேடியோ ஒன்றைப் பாட விட்டபடியே கடைக்குள் வந்தார், நான் மெஷின் பெடலில் காலை அழுத்தியதும் பாட்டு கரகரவென்று நாறிப்போனது, காலை எடுத்ததும் தெளிந்தது. அப்படியே நின்றுவிட்டு, "அக்கா, உங்க மோட்டாருதான் மணிய முழுங்குது" என்றார். மோட்டாரில் கிளம்புகிற இரைச்சல் அதன் வயரையே ஏரியலாக வைத்துக்கொண்டு பரவி, மேலேயிருந்து வருகிற சின்ன சிக்னலை அமுக்கிவிடுகிறதாம். உன் லேப்டாப் வயரில் குண்டாக ஒரு உருளை இருக்குமே, அதே ஃபெரைட் சோக், இரைச்சலை வயரிலேயே அடக்கிவிடுமாம், இரண்டாகத் திறந்து மூடுகிற மாதிரி கறுப்பாகக் கொண்டுவந்தார். முதலில் பிளக் பக்கம் மாட்டினார், கரகரப்பு கொஞ்சமும் அடங்கவில்லை. பிறகு மோட்டாரை ஒட்டியே வைத்து, வயரை அதற்குள் இரண்டு சுற்று சுற்றி, இடைவெளி இல்லாமல் மூடினார், மணிப் பெட்டியைக் கரண்டில் சொருகுகிற வயருக்கும் ஒன்று போட்டு அதை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். மெஷினை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே அப்பாவை அழுத்தச் சொன்னோம், கணீரென்று அடித்தது. தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அந்தக் கறுப்பு உருளை சூடாகிவிடுமோ என்று இப்போதும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், ரேடியோக்காரர் சிரிக்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை, நீயும் ஒரு வார்த்தை சொல்.

இதோடு கவலை விட்டது என்றுதானே நினைப்பாய். அதற்கப்புறம் மணி அடிக்கவே இல்லை. நல்லபடியாக இருக்கிறார் என்று இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன், பிறகு அந்த நிசப்தமே பொறுக்காமல், ஒரு சட்டைக் கை தைப்பதற்குள் நாலு தடவை மாடி ஏறி இறங்கினேன். நேற்று ஏறிப் பார்த்தால் படுக்கை நனைந்திருக்கிறது, தண்ணீர் பாட்டில் எட்டாத தூரத்தில் உருண்டு கிடக்கிறது, பித்தான் நெஞ்சிலேயே தொங்குகிறது. முன்பெல்லாம் மோட்டாரைத் திட்டலாம், இப்போது யாரைத் திட்டுவது, அவரைத்தான் திட்டினேன். பித்தானை ஒரு விரலால் தடவிக்கொண்டே, "நீ வேலையா இருக்கும்போது அடிச்சா உனக்குத் தொந்தரவுதானே. மணி கேட்டும் நீ வராம இருந்தப்பவே புரிஞ்சுக்கிட்டேன்" என்றார்.

அம்மாடி, இத்தனை நாளும் நான் கீழே தைத்துக்கொண்டிருக்க அவர் மேலே அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கேட்கிறது, நான்தான் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். தரையில் கிடந்தபோதும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பஸ் ஓட்டிய காலத்தில் அநாவசியமாக ஒரு ஹாரன் அடிக்காத மனுஷர், இதையும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார். மோட்டார், வயர், இரைச்சல் என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன், மிச்சமிருந்த ஃபெரைட் ஒன்றைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "சரி விடு, நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல" என்றார். ரேடியோக்காரர் சோதித்தபோதெல்லாம் அடித்ததே, நான் சமாளிக்கக் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார். ரேடியோக்காரர் சொன்னாலும் எடுபடாது, முதலில் பாட்டரி என்றவர்தானே என்பார்.

நீ இந்த அலைவரிசைப் படிப்பெல்லாம் படித்தவள், உன் வாயால் சொன்னால் அவருக்கு வேத வாக்கு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் பஸ் ரேடியோவில் கரகரப்பு வருமே, அதை வைத்துச் சொன்னால் பிடித்துக்கொள்வார். அழுகிற குரலில் பேசிவிடாதே, கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், குட்டிக்கு என் முத்தம். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று வைக்காதே, இது கைக்கு வந்த அன்றே கூப்பிடு. நீங்கள் கூப்பிட்டது அம்மாவுக்குக் கேட்கவே இல்லை அப்பா என்று சொல்.

உன் அம்மா