பின்னலில் மூணாவது பிரி

வெள்ளையம்மா, எழுந்திருக்காதே. முதல்ல இதை முழுசாப் படி.

ரெண்டு வருசமா விடிஞ்சா சதையெல்லாம் வீங்கி நோவுது, கை தோளுக்கு மேல ஏறலைன்னுதானே மொட்டை போட்டுக்கறேன்னு நேத்து சண்டை போட்டே? அதான் நீ தூங்கறப்பவே நானே ஜடை பின்னிட்டேன். கரண்டு இல்ல. முடிச்சப்புறம்தான் தெரிஞ்சது, மூணு பிரியில ஒண்ணு தொங்கிட்டிருந்த கட்டில் கயிறு. அவுக்கறதுக்குள்ள கம்பெனி பஸ் ஆரன் அடிச்சிட்டான்.

உக்காரலாம், நிக்க முடியாது. கூழும் மாத்திரையும் தலைமாட்டுலயே இருக்கு. வெறும் வயித்துல மாத்திரை போடாதே.

தளியிலிருந்து உன் தங்கச்சி வருவா, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. அவ சிரிச்சு முடிச்சப்புறம் கத்தரிக்கோலை எடுத்துட்டு வரச் சொல்லு.

முனிவேல்

இன்னொண்ணு: கயித்தை மட்டும் வெட்டச் சொல்லு, முடியில கை வைக்க விடாதே. கட்டில் பின்ன எனக்கு நல்லாத் தெரியும். ஜடைதான் இனி தெனமும் பழகணும்.