முட்டி வலிக்கு ஒரு ஜெபம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முதுகையும் என் வாயையும் தவிர. முதுகு தைலத்துக்கு அடங்குகிறது, வாய்தான் எதற்கும் அடங்கவில்லை என்று உன் அம்மாவே எழுதச் சொன்னாள். நீயும் சுகம் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் ஃபோனில் 'ம்', 'சரிப்பா', 'வேலை இருக்கு' என்று மாற்றி மாற்றிச் சொல்கிறவன் சுகமாக இருக்கிறான் என்றால் எந்த அப்பன் நம்புவான்? அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார். வேனுக்குப் புது கிளட்ச் போட்டாயிற்று, இருந்தும் நான் பழைய வேகத்தில்தான் ஓட்டுகிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எனக்கு 'ஆமை அங்கிள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உன் அக்கா மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொன்னாள், வசனத்தைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது, ஆனாலும் முதல் பரிசு அவளுக்குத்தான், நடுவர் உன் அக்கா அல்லவா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவிடம் சொன்னால் அது அப்பா காதுக்குப் போகாது என்று இத்தனை வயதாகியும் நம்புகிறாயே, உன்னை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உன் சிநேகிதன் பைக் விபத்தில் போனபிறகு, அடக்கம் முடிந்த நாளிலிருந்து நீ அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். ஞாயிறு தவறாமல் உனக்குச் சோறு போட்ட அவன் அம்மா அங்கே தனியாக இருக்கிறார்கள், நீ அந்தத் தெருவைத் தொடாமல் மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாய். 'போய் என்னத்தைப் பேசறது, ஏதாவது தப்பா சொல்லிட்டா' என்று கேட்டாயாம். ஜெபம் பண்ணவும் முடியவில்லை என்றாயாம். தப்பாகச் சொல்வதைப் பற்றி நீ என்னிடமல்லவா கேட்டிருக்க வேண்டும், அதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

நம் குழாய்க்கார மாமா இறந்தது உனக்குத் தெரியும். காலையில் முதல் டிரிப் முடித்துவிட்டு வந்தால் அவன் கடை ஸ்டூலில் உட்கார்ந்துதான் எனக்கு டீ, அது உனக்குப் பல் முளைக்கும் முன்பே தொடங்கிய பழக்கம். அவன் போனபிறகு நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். அவன் மனைவியை, அதுதான் உன் அத்தையைப் பார்க்க அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு, மழை, டயர் பஞ்சர், தலைவலி என்று தினம் ஒரு சாக்கு. ஆனால் சபையின் ஜெபக் கூட்டத்தை அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டார்கள், தப்பிக்க வழியில்லை. போதாததற்கு பாஸ்டர் என்னைப் பார்த்து, 'நீங்கதானே நெருங்கின சிநேகிதர், நீங்களே ஜெபம் பண்ணுங்க' என்றார். நானும் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன், நல்ல ஆறுதல் வார்த்தைகளாகப் பொறுக்கி வைத்திருந்தேன். என் ஜெபம்தான் உனக்குத் தெரியுமே, வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி என்று அம்மா கேலி செய்வாள். தினமும் வண்டியை எடுக்கும் முன் ஸ்டியரிங்கில் கை வைத்து, நீ, அக்கா, பேத்தி, அம்மாவின் முதுகு, குழாய்க்காரன் முட்டி என்று வரிசை மாறாமல் வரும். அன்றும் கண்ணை மூடினேன், ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது, நாக்கு தன் பழைய ரூட்டிலேயே போய், 'ஆண்டவரே, நம்ம குழாய்க்காரர் முட்டியைத் தொடும், வலியை எடுத்துப்போடும், அவர் மறுபடி ஏணி ஏறணும்' என்று உருக்கமாகக் கேட்டுவிட்டது. ஓய்வுபெற்ற தபால்காரர் தூக்கக் கலக்கத்தில் 'ஆமென்' வேறு போட்டார்.

கண்ணைத் திறந்து பார்க்கிறேன். பாஸ்டர் ஃபேனைப் பார்க்கிறார். அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் மறுநாளும் கன்றிப்போய் இருந்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள், ஐயோ, பாவி, அழ வைத்துவிட்டேனே என்று பதறிப்போனேன். அழவில்லையடா, சிரிக்கிறாள். 'அண்ணே, அவருக்கு முட்டி வலி சுத்தமா போயிடுச்சு, நீங்க இனிமே அடுத்த ஆளைப் பாருங்க' என்றாள். எல்லோரும் சிரித்தோம், பாஸ்டர் உட்பட. அந்தச் சிரிப்பே அவளுக்கு அழுகையாக மாறியது, எனக்கும் மாறியது, மூக்கு ஒழுக ஒழுகச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஒருவரும் தடுக்கவில்லை. அவன் போனபிறகு அன்றுதான் நான் முதல்முதலாக அழுதேன்.

ஆறுதல் என்பது நாம் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டிய பார்சல் என்று நினைத்திருந்தேன், அதனால்தான் கையில் ஒன்றும் இல்லை என்று வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். வேதத்தில் நம் ஆண்டவர் இறந்துபோன தம் சிநேகிதனின் கல்லறைக்குப் போனபோது, கொஞ்ச நேரத்தில் அவனை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் முதலில் அழத்தானே செய்தார்? ஒன்றுமே தெரியாத நீயும் நானும் போய் அங்கே என்ன விளக்கம் சொல்லிவிடப் போகிறோம்? உனக்கு ஜெபம் வரவில்லையென்றால் இருக்கட்டும், வரும்போது வரட்டும், அதுவரை உனக்கும் சேர்த்து நான் செய்கிறேன். என் பதிவில் நீ 'உள்ளேன் ஐயா' சொல்லாவிட்டாலும் வந்ததாகவே போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் அத்தையிடம் உன் கதையைச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. பூண்டு உரித்துக்கொண்டே கேட்டவள், 'வந்து உளறினவங்க யாருன்னே எனக்கு ஞாபகம் இல்லண்ணே, வராதவங்களுக்காகத்தான் வாசல்ல சத்தம் கேக்கறப்பல்லாம் எட்டிப் பாக்கறேன்' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அங்கே அந்த அம்மாவும் உனக்காக எட்டிப் பார்த்துக்கொண்டுதானடா இருப்பார்கள்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே போ. வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால் கொஞ்சம் பழம் வாங்கிக்கொள், உன் வழக்கப்படி அழுகினதைத் தள்ளுபடியில் வாங்காதே. சாப்பிடச் சொன்னால் மறுக்காமல் சாப்பிடு, தட்டை நீயே கழுவி வை. அழுகை வந்தால் அழு, உளறினாலும் பரவாயில்லை, பரம்பரைச் சொத்து என்று வைத்துக்கொள்.

ஆண்டவர் உன் கூடவே நடந்து வரட்டும், உன் மனதுக்குச் சமாதானம் தரட்டும். அம்மா முத்தம் தரச் சொன்னாள், தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். போய்விட்டு வந்ததும் மறக்காமல் ஃபோன் செய், என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். அந்த அம்மா ஒரு மகனைத்தான் இழந்தார்கள், நீ அதை இரண்டாக்கிவிடாதே.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா