கல்லறைத் தோட்டத்துச் சுவர்

சேசு மரி சூசை துணை
திருச்சிராப்பள்ளி, 12-11-1934

அன்புள்ள அம்மாவுக்கு மகன் சின்னப்பன் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

கொத்து வேலை கிடைத்துவிட்டது. இங்கே ஒரு கல்லறைத் தோட்டத்தில் மேல்சாதிக் கல்லறைகளையும் நம் சனத்தின் கல்லறைகளையும் பிரிக்கிற சுவர் இடிந்துபோனது. அதைத்தான் திரும்பக் கட்டுகிறேன். நம் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த ஒரு அம்மா, "பொதுத்தீர்வை அன்னிக்குக் கல்லறையிலிருந்து எழுந்து வர்றவங்க இதை எப்படிப்பா தாண்டுவாங்க?" என்று கேட்டார்.

"அன்னிக்கு நானே வந்து இடிச்சுத் தரேங்க" என்று சிரித்தேன்.

"நீயும் எங்களோட இந்தப் பக்கம்தானேப்பா எழுந்திருப்ப?" என்றார்.

நான் சுண்ணாம்பு குழைக்கப் போய்விட்டேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். ஒரு போர்வை மட்டும் அனுப்புங்கள். அப்பா வைத்துவிட்டுப் போன கொத்துக்கரண்டியைக் கேட்டிருந்தேனே, இந்தச் சுவர் முடிகிறவரை அது வீட்டிலேயே இருக்கட்டும்.

சின்னப்பன்