பேப்பரில் என் பெயரைத் தேடியவளுக்கு

பொங்கலுக்கு முன் இறந்தவர்களுக்குப் படைப்பீர்களே, அந்தப் பார்ச்சுக்கு உன் மகள் என்னையும் அழைத்திருந்தாள். உனக்கென்று படைத்த வாழையிலையில் உனக்குப் பிடித்ததெல்லாம் இருந்தது. இறால் சம்பால் வாசனை மூக்கில் ஏறியதும், மலாக்காவில், காஜா பேராங்கில் நாம் பக்கத்து வீட்டுக்காரிகளாக இருந்த காலம் வந்துவிட்டது.

மெர்டேக்கா வருடம், நாடு சுதந்திரம் அடைந்த நேரம். ஊரே கொடி கட்டிக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். வேலை பார்த்த கடையின் முதலாளி என்னைப் பலவந்தம் செய்திருந்தான். கெட்டுப்போனவள் என்றார்கள். நான் கெடவில்லை, இன்றும் அந்தச் சொல்லைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. “வெளிய மூச்சு விடாத” என்றார் அம்மா. நீதான் சன்னல் வழியாகக் கஞ்சி நீட்டினாய்.

பேச வாய் வரவில்லை, எழுத வந்தது. நடந்ததை எழுதி, தமிழ்ப் பேப்பரின் பெண்கள் பக்கத்துக்குப் புனைபெயரில் அனுப்பினேன். அச்சில் வந்ததும் உன்னிடம் காட்டினேன். நீ மலாக்கா செட்டி வீட்டுப் பெண், உங்களுக்கு மலாய்தான் பேச்சு. தமிழில் உனக்குப் படிக்கத் தெரிந்தது என் பெயர் ஒன்றே, அதுவும் நான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தது. பக்கம் முழுக்க விரலை ஓட்டித் தேடினாய்.

“லு மானா?” நீ எங்கே என்று கேட்டாய்.

பெயர் போட்டால் வெட்கக்கேடு என்றேன்.

“மாலு டியா புன்யா, புக்கான் லு புன்யா.” வெட்கம் அவனுடையது, உன்னுடையது இல்லையாம். வீடு மாறி வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாய்.

அடுத்த கட்டுரை என் பெயரில் வந்தது. அம்மா பேச்சை நிறுத்தினார். கோயிலில் சிலர் விலகி நின்றார்கள். நீயோ அந்தப் பக்கத்தை உன் வீட்டு முன்கதவில் ஒட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் என் பெயரைக் காட்டினாய். உன்னைப் போல் திமிர் பிடித்தவளை நான் பார்த்ததே இல்லை. அந்த முதலாளி கடைசிவரை நிமிர்ந்துதான் நடந்தான். அதே தெருவில் நானும் நிமிர்ந்து நடந்தேன்.

இப்போது பேத்தி கொடுத்த போனில், இணையத்தில் எழுதுகிறேன். பெண்கள் தங்களுக்கு நடந்ததைக் கீழே எழுதுகிறார்கள். பெயரில்லாமல் எழுதினாலும் எழுதட்டும், அவரவர் வேளை வரும். குருபோங் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் போன வாரம் முதன்முறையாகத் தன் பெயரைப் போட்டாள். உன்னைப் போலவே அதன்மேல் விரலை ஓட்டினேன், திரையில் ஏதேதோ திறந்துகொண்டது. சிரிப்பும் வந்தது, பெருமையும் தாங்கவில்லை.

இந்த மடலையும் அங்கேதான் போடுகிறேன். நீ பக்கம் முழுக்கத் தேட வேண்டாம். அடியிலேயே இருக்கிறேன்.

நாகம்மா