கரைக்கு வந்த ஈரத்துண்டு

ஜனவரி 11
பிலிமத்தலாவையில் ஒரு மீன்கடைக் குளிர்அறை. கம்ப்ரசர் செத்துவிட்டது. பிடுங்கிக்கொண்டிருக்கும்போது லிண்டாவின் கோல். அவளுடைய கப்பல் பெப்ரவரி 2 காலிக்கு வருகிறதாம். உள்ளே வராது, வெளிக்கடலில் நங்கூரம். டெண்டர் படகில் ஏற்றித்தான் ஆட்களைக் கரையில் இறக்குவார்கள்.

கல்யாண ஆல்பம் கைக்கு வருமுன்பே உல்லாசக் கப்பலில் லாண்டரி வேலைக்கு ஏறியவள். ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறார்களாம். பெப்ரவரி முதல் வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும். நேரில் சொல்லவேண்டும்: போதும், வா.

ஜனவரி 14
முதல் படகிலேயே ஏறி வா என்றேன். சிரிக்கிறாள்.
"இது என்ன கட்டுகஸ்தோட்டை பஸ்ஸா, முண்டியடிச்சு ஏற? மொதல்ல கெஸ்ட்டுங்க. அப்புறம் எடமிருந்தா, கடலும் சும்மா இருந்தா, நாங்க."

ஜனவரி 20
வழி கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கரையில் வேலை. வெயிலில் இறங்குகிறவர்களுக்குக் குளிர்ந்த ஈரத்துண்டு நீட்டவேண்டும். முகம் துடைக்க! அதற்கு ஒரு ஆள்! நான் சிரித்துவிட்டேன்.
"அந்த டியூட்டிக்காக ரெண்டு பேரோட நைட் ஷிஃப்ட நான் பாத்திருக்கேங்க."
வாயை மூடிக்கொண்டேன். எப்போதும் ஒரு நிமிடம் தாமதமாகத்தான் மூடுகிறேன்.

பெப்ரவரி 1
லிண்டாவின் அம்மா மேபல் அத்தை ஹந்தானையிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கப்பலுக்குள் வெளிச் சாப்பாடு ஏற்றமாட்டார்கள் அத்தை என்றேன்.
"ஏத்தாட்டி போகட்டும். கரையில வச்சு ஊட்டி விடுங்க. ஒங்க பொண்டாட்டிதானே மாப்பிள?"

பெப்ரவரி 2, திரும்பும் பஸ்ஸில்
பஸ் குலுக்குகிறது, எழுத்து கோணுகிறது. இருந்தாலும் எழுதவேண்டும்.

துறைக்குக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. காற்று, அலை, பஸ் எல்லாம் பார்த்தவன், வேலியைப் பார்க்கவில்லை. வாசலில் காவலாளி: "பாஸ் நெத்துவ பே, மல்லி." பாஸ் இல்லாமல் முடியாது. மனைவி என்றேன். எல்லோரும் இங்கே ஏதோ ஒன்று சொல்கிறார்கள் என்றான். ரொட்டியை அவனிடம் நீட்டினேன். தின்றான். பாஸ் கேட்பதை விடவில்லை. ஆனால் வேலி ஓரம் நிற்க விட்டான்.

நின்றேன். அதோ அவள். வெள்ளைச் சட்டை, காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. மெலிந்திருக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டாள். பத்து மணிக்குப் பிறகு படகுகளுக்கு இடைவெளி, அப்போது வேலிக்கு வருவதாகத்தான் பேச்சு.

அதற்குள் கடல் கெட்டது. படகு ஏறி இறங்கித் துறையில் இடிக்கிறது. ஒரு கிழட்டு வெள்ளைக்காரி காலை வைக்கப் பயந்து நடுங்குகிறாள். லிண்டா துண்டுத் தட்டை வைத்துவிட்டுப் போய் அவள் முழங்கையைப் பிடித்தாள். ஒரு அலையை விட்டாள். இன்னொன்றையும் விட்டாள். மூன்றாவதில் ஏதோ சொன்னாள். கிழவி கரையில் நின்றாள்.

நானாக இருந்தால் முதல் அலையிலேயே இழுத்திருப்பேன்.

அந்தக் கிழவி நேராக வாசலைத் தாண்டி என்னிடம் வந்து சுருட்டிய துண்டு ஒன்றைத் தந்தாள். பின்னால் நின்ற லிண்டாவைக் கையால் காட்டினாள். சில்லென்று எலுமிச்சைப் புல் வாசனை. நிமிர்ந்து பார்த்தபோது விசில் ஊதிவிட்டார்கள். காற்று கூடுகிறது, இதுதான் கடைசிப் படகு, கரையில் இருப்பவர்கள் எல்லோரும் திரும்பவேண்டும். இடைவெளி போச்சு. எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசி ஆளாக ஏறினாள். கையை ஆட்டவில்லை, பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அந்த வேலியை நாலு நட்டைக் கழற்றினால் தூக்கி வைத்துவிடலாம்... என்ன எழுதுகிறேன் நான்?

பெப்ரவரி 3
லிண்டா கோல் எடுத்தாள். "என்னமோ சொல்லணும்னீங்களே?"
போதும் வா என்று நாக்கு வரை வந்தது. "உனக்கு என்ன வேணும் லிண்டா?" என்று கேட்டேன். இதை நான் இதுவரை கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.
சொன்னாள்: "லாண்டரிக்கு ஜன்னல் இல்லங்க. எத்தனையோ ஊருக்குப் போயாச்சு, ஒண்ணையும் பாக்கல. நேத்து என் வேலையப் பாத்திட்டு, இருந்தா இனி டெண்டர் டீம்ல போடுறோம்னு சொல்றாங்க. ஆறு மாசம். ஓகஸ்ட் நடுவுலயோ கடைசியிலயோ எறங்கிருவேன்."
"சரி, கையெழுத்துப் போடு."
"கோவமா?"
"ஆமா. போடு."

பெப்ரவரி 4
அம்பிட்டியில் மழை. துண்டை ஃப்ரீசரில் வைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான்.

ஏப்ரல் 19
படம் அனுப்பியிருந்தாள். ஏதோ ஒரு தீவு, அலை, அவள் கையைப் பிடித்தபடி யாரோ இறங்குகிறார்கள். யார் யாரோ எல்லாம் பிடிக்கிறார்கள்.
துண்டை வெளியே எடுத்தேன். வாசனை போய்விட்டது. இப்போது ஐஸ் வாசனைதான். திருப்பி வைத்தேன்.

ஜூன் 7
கரண்ட் போனது. முதலில் ஓடிப் பார்த்தது ஃப்ரீசரை.

ஓகஸ்ட் 12
பெரஹெரா ஊர்வலத்துக்காக ரோட்டை மூடிவிட்டார்கள். டவுனிலிருந்து நடந்தே வீடு. ஐஸ் தண்ணீருக்காக ஃப்ரீசரைத் திறந்தால் துண்டைக் காணோம். காலையில் அத்தை கூட்டிப் பெருக்க வந்திருப்பார். சாவி அவரிடமும் இருக்கிறது. போன் பண்ணிக் கத்துவதற்காகப் பின்கதவைத் திறந்தேன், உள்ளே சிக்னல் இருக்காது.

கொடியில் துண்டு. துவைத்து, இரண்டு கிளிப் போட்டுக் காயவிட்டிருந்தது. அதன் கீழே, கல்லில் சாய்த்துவைத்த ஒரு சோடி வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து. இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.